முதுகில் வைத்த கை

சலவைக்கூடத்தில் ஆவி இஸ்திரி மெஷினோடு பாதி ஆயுளைக் கழித்தவள் அவள். ஆஸ்பத்திரிப் போர்வைகளும் ஓட்டல் விரிப்புகளும் மலைமலையாக வரும். அவள் கை பட்டால் சுருக்கம் தானே ஓடிவிடும் என்று கூட வேலை செய்தவர்கள் கிண்டலடிப்பார்கள். வெக்கையை வெளியே தள்ளும் விசிறி கெட்டுப்போய்க் கிடந்தது. அதைச் சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். ஒருநாள் மெஷின் பக்கத்திலேயே மயங்கி விழுந்தாள்.

சூப்பர்வைசர் வந்து குனிந்துகூடப் பார்க்கவில்லை. "நல்லா நடிக்கிறா. எழுப்பி வீட்டுக்கு அனுப்புங்க. இனிமே வர வேண்டாம்னு சொல்லிடுங்க."

வேலை போனதை அவள் பொறுத்தாள். பொய்க்காரி என்ற பெயரைத்தான் பொறுக்க முடியவில்லை. நாலு பேர் முன்னால் அந்த மனுஷன் "நான் சொன்னது தப்பு" என்று சொல்லாமல் தன் கட்டை வேகாது என்று கறுவிக்கொண்டே இருந்தாள். தூக்கம் போயிற்று. தோள் இரண்டும் இறுகிப்போயின. பார்த்துப் பார்த்துச் சலித்த தங்கை, டயர் கடை மாடியில் நடக்கும் சி கோங் வகுப்புக்கு அவளை இழுத்துக்கொண்டு போனாள்.

"சும்மா நின்னு மூச்சு விடறதுக்கு ஒரு வகுப்பா?"

"வீட்டுல சும்மா உட்கார்ந்து அந்தாளைத் திட்டுறதுக்கு இது தேவலை. வாக்கா."

வகுப்பு நடத்தியவர் சின்ன வயதில் சீனாவுக்கு மருத்துவம் படிக்கப் போய், இதையும் கற்று வந்த டாக்டரம்மா. "சி-ன்னா உயிர்மூச்சு. கோங்-னா விடாம செய்யற உழைப்பு. உடம்பு, மூச்சு, கவனம், மூணும் ஒண்ணாப் போகணும், அவ்வளவுதான்" என்றார். தோள் அகலத்துக்குக் காலை அகட்டி, பெரிய மரத்தைக் கட்டிக்கொண்ட மாதிரி கைகளை வளைத்து நிற்க வேண்டும். மூச்சு அடிவயிறு வரை இறங்க வேண்டும். முழங்காலை மட்டும் விறைக்கக் கூடாது, தலை சுற்றும். புதிதாக வருபவரின் முதுகில், இடுப்புக்குச் சற்று மேலே, பழகியவர் ஒருவர் உள்ளங்கையை வைத்து நிற்பார். மூச்சு எதுவரை இறங்குகிறது என்று அந்தக் கைக்குத் தெரிந்துவிடும்.

அவளுக்கு இது நன்றாகவே வந்தது. தோள் இளகியது, தூக்கமும் திரும்பியது. கோபத்தோடு நிற்காதீர்கள் என்று டாக்டரம்மா சொல்லும்போதெல்லாம் தலையை ஆட்டுவாள். ஆனால் அவள் கட்டிக்கொண்டு நின்றது மரத்தையா? சூப்பர்வைசரின் கழுத்தைத்தான்.

அந்த மனுஷனே ஒருநாள் படியேறி வந்தார். ஓய்வு பெற்று, இளைத்து, இரைக்க இரைக்க வந்து நின்றார். அவர் முதுகில் கை வைக்க டாக்டரம்மா அவளைத்தான் கூப்பிட்டார். பழம் நழுவிப் பாலில் விழுந்தது.

"வணக்கம்மா" என்றார் வந்தவர், சுவரைப் பார்த்துக்கொண்டே.

எல்லாரும் கண்ணை மூடியதும் அவள் அவர் காதோரம் சொன்னாள்: "முழங்காலை நல்லா விறைப்பா வைங்க சார்."

"டாக்டரம்மா வேற மாதிரி சொன்னாங்களே?"

"நீங்க புதுசு. உங்களுக்கு இப்படித்தான்."

அவர் அப்படியே செய்தார். கொஞ்ச நேரத்தில் சட்டை வியர்வையில் நனைந்தது. பிறகு அவருடைய பாரம் முழுவதும் மெல்ல மெல்ல அவள் உள்ளங்கையில் வந்து சாய்ந்தது. அவளுடைய பழகிய கால்கள் அசையாமல் தாங்கின. அவருக்கும் சிமெண்டுத் தரைக்கும் நடுவே இருந்தது அந்த ஒரு கைதான். எதற்கு மறைக்க வேண்டும், அவளுக்கு இரக்கமும் வந்தது. ஒரு வாய்ப்பு கொடுத்துப் பார்க்கலாம் என்று நினைத்தாள்.

"சார், என்னைத் தெரியுதா? சலவைக்கூடத்துல மயங்கி விழுந்தேனே."

"அங்க எத்தனையோ பேர் விழுந்தாங்கம்மா" என்றார் அவர், குழறலாக. "யாரைன்னு ஞாபகம் வச்சுக்கிறது?"

அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

தொப்பென்று சத்தம் கேட்டு எல்லாரும் கண்ணைத் திறந்தார்கள். டாக்டரம்மா ஓடிவந்து நாடியைப் பார்த்து, அவர் காலை உயர்த்திப் பிடித்தார். "என்ன ஆச்சு?"

பக்கத்தில் நின்றிருந்த தங்கை அவள் முழங்கையைக் கிள்ளினாள், பேசாதே என்று. பேசினால் இந்த வகுப்பு போய்விடும், இத்தனை நாள் கழித்து வந்த தூக்கமும் போகலாம். அவளுக்கு எல்லாம் தெரியும்.

"நான்தான் முழங்காலை விறைக்கச் சொன்னேன். வேணும்னே சொன்னேன். கையையும் நான்தான் எடுத்தேன்."

தரையில் கிடந்தவர் அப்போதுதான் முதல்முறையாக அவள் முகத்தை நேராகப் பார்த்தார். அவர் நன்றாகப் பார்த்து முடிக்கும்வரை அவள் அங்கேயே நின்றாள்.