வெளிமானின் ரத்தமும் பேட்டரி கம்பெனி அக்காவும்

இன்று காலை கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பின்னால் மேய்கிற வெளிமான்களில் மூன்றை வலையில் பிடித்து, கண்ணைக் கட்டி, ரத்தம் எடுத்துக்கொண்டு திரும்ப விடுவித்தோம். நான் லேப் டெக்னீஷியன்.

ரத்தக் குழாய்கள் இருந்த ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு மின்சார ரயிலில் தூங்கி வழிந்தேன். பக்கத்தில் கம்பெனி யூனிஃபார்மில் ஓர் அக்கா.

"இன்னாம்மா அது பொட்டில?"

"மான் ரத்தம்க்கா. உடம்புல ஈயம் ஏறியிருக்கான்னு பாக்கணும்."

"ரிசல்ட்டு எப்ப வரும்?"

"நாலு நாள்ல."

அவர் பெட்டியையே பார்த்தார்.

"நான் பழைய பேட்டரி உருக்குற கம்பெனில கீறேன். எங்களுக்கும் ரத்தம் எடுத்துகினு போனாங்க. ஒரு வருசம் ஆச்சு. கேட்டா, போய் வேலையப் பாருன்றாங்க."

பிறகு சட்டென்று கையை நீட்டினார்.

"இத்தோட என்னுதையும் சேத்துப் பாக்க முடியுமா?"

"எங்க லேப்ல மிருகங்களுக்கு மட்டும்தான்க்கா."

சொல்லும்போதே எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் கையை மடக்கிக்கொண்டார். பொன்னேரியில் அவர் இறங்கும் முன் அவருடைய நம்பரை வாங்கிக்கொண்டேன்.

கம்பெனியிடமிருந்து அந்த ரிசல்ட்டை எப்படி வாங்குவது? தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள்.

மானாகப் பிறந்திருக்கலாம் என்று மட்டும் எழுதாதீர்கள். அதை அவரே சொல்லிவிட்டுத்தான் இறங்கினார்.