காலில் கட்டாத கயிறு

கற்பிட்டிக் களப்பில் பறப்பதுபோல் ஓடும் படகு ஒன்று வேண்டும் என்பது என் ஆசை. போன வருடம் அடி கூரான ஃபைபர் படகு வாங்கி, கடையில் இருந்ததில் பெரிய எஞ்சினைப் பூட்டினேன்.

எஞ்சினோடு ஒரு சிவப்புக் கயிறு வந்தது. அதைக் காலில் கட்டிக்கொண்டால், ஓட்டுபவர் விழுந்ததும் கயிறு இழுபட்டு எஞ்சின் நின்றுவிடும். வலை இழுக்க இடைஞ்சல் என்று எங்கள் படகுத்துறையில் எல்லாரும் அதை எஞ்சினிலேயே சுற்றி விட்டுவிடுவார்கள். நான் கட்டப் போனதும் என் நானா, மூத்த அண்ணன் ரிஸ்வான், சிரித்தார்.

"என்னடா, ஹஜ்ஜுப் பெருநாள் ஆடு மாதிரி கட்டிக்கிட்டு நிக்கிற?"

வெட்கப்பட்டு நானும் எஞ்சினிலேயே சுற்றினேன்.

அன்று நானாவையும் ஏற்றிக்கொண்டு போய், முழு வேகத்தில் திருப்பியபோது அலையொன்றில் படகு துள்ளி, இருவரையும் தண்ணீரில் வீசியது. ஆளில்லாத படகு நிற்காமல் எங்களையே வட்டமிட்டு வந்தது. "முங்குடா!" என்று கத்தி, நானா என் தலையை அமுக்கினார். நான் மேலே வந்தபோது தண்ணீர் சிவந்திருந்தது. தண்ணீருக்குள் சுழலும் எஞ்சின் காற்றாடி அவருடைய காலைக் கிழித்திருந்தது.

பக்கத்தில் வலை போட்டிருந்தவர்கள் எங்களைத் தூக்கிக் காப்பாற்றினார்கள். ஆனால் நானா இனிக் கடலுக்குப் போக மாட்டார்.

இப்போது கயிற்றைக் கட்டாமல் நான் எஞ்சினைத் தொடுவதில்லை. நான் புறப்படும்போதெல்லாம், வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்திருக்கும் நானா கேட்பார்: "ஆட்டக் கட்டிட்டியா?"

அவர் சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வருவதில்லை.