வள்ளித்தாய் வண்டி ஏன் கத்துது?

சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டில் வள்ளித்தாயைப் பார்க்கிற யாரும் முதலில் கேட்பது, "மைலேஜ் எவ்வளவு தருது?" அடுத்துக் கேட்பது, "யாரு ஓட்டுதா?" முதல் கேள்விக்கு அவள் ஆளைப் பார்த்துப் பதில் சொல்லுவாள். பிடித்த ஆள் என்றால் உள்ளதைச் சொல்லுவாள். பிடிக்காத ஆள் என்றால், "டீசல் நீரா வே ஊத்தப் போறீரு?" என்று கேட்டுவிட்டு வேலையைப் பார்ப்பாள். இரண்டாவது கேள்விக்கு மட்டும் எல்லாருக்கும் ஒரே பதில். "ஏன், எனக்குக் கை கால் வெளங்கலன்னு யாரு சொன்னா?"

கேட்கிறவர்களையும் முழுசாகக் குறை சொல்ல முடியாது. வண்டி அப்பேர்ப்பட்டது. கன்னங்கரேல் என்று, மூன்று வரிசை சீட்டோடு, நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற காட்டு வண்டி. டயரே அவள் இடுப்புக்கு வரும். வள்ளித்தாயோ நாற்பத்தெட்டு வயதில் ஐந்தடிக்கும் இரண்டு விரற்கடை குறைவு. அவள் உள்ளே ஏறி உட்கார்ந்தால் வெளியே நிற்பவனுக்குக் கொண்டை மட்டும்தான் தெரியும். அந்த வண்டியில் அவள் முதன்முதலாகத் தெரிந்துகொண்ட விஷயம், சீட்டை உயர்த்துகிற பொத்தான் எங்கே இருக்கிறது என்பதுதான்.

பிறந்தது பனவடலிசத்திரம். பத்தொன்பது வயதில் கல்யாணம். கட்டினவன் திருப்பூருக்கு வேலைக்குப் போனான், போனவன் போனவன்தான். அவள் உட்கார்ந்து அழவில்லை. பிச்சிப்பூக் கூடையைத் தலையில் தூக்கினாள். கூடையோடு ஏறினால் கண்டக்டர் இறக்கிவிடுவார். அடுத்த பஸ் வரும்வரை ரோட்டோரத்தில் நிற்பாள். மழைக்காலத்தில் பெரிய பெரிய கார்கள் பள்ளத்துத் தண்ணீரை அவள் மேலேயும் பூ மேலேயும் வாரி அடித்துவிட்டு நிற்காமல் போகும். சேறு பட்ட பூவை எவன் வாங்குவான்? அப்படி எத்தனையோ நாள் அவள் வெறும் கூடையோடு ஊர் திரும்பியிருக்கிறாள்.

பிறகு ஒரு லோடு ஆட்டோ வாங்கினாள். கரிவலம்வந்தநல்லூர் பக்கம் வறண்டு கிடந்த குளத்துக்குள்ளே தானே ஓட்டிப் பழகினாள். கரையில் நின்று சிரித்தவர்களில் பாதிப் பேர் இப்போது அவள் கமிஷன் கடைக்குத்தான் பூக் கொண்டுவருகிறார்கள். கடை வந்தது, இரண்டு லோடு வேன் வந்தது. தன்னைவிடப் பன்னிரண்டு வயது இளைய தம்பி பாண்டியராஜைப் படிக்கவைத்து, கல்யாணம் முடித்துவைத்து, வேன்களைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

இந்தக் காட்டு வண்டி எதற்கு என்றால், குருவிகுளம் பக்கத்துக் கரிசலைக் கேட்க வேண்டும். ஒரு மழை பெய்தால் போதும், அந்த மண் டயரைப் பிடித்துக்கொண்டு விடாது. வேன் அங்கனயே நிற்கும், பறித்த பூ செடிக்காரன் வீட்டிலேயே அவிந்துபோகும். மழை நாளில்தான் பூவுக்கு மவுசு. அந்த நாளில் பூவைக் கொண்டுவருகிற வண்டி வேண்டும் என்று வாங்கினாள். ஆனால் அது மட்டும்தான் காரணமா என்று கேட்டால் அவள் பொய் சொல்ல மாட்டாள். "வீம்புக்கும்தாம் வாங்குனேன். எம்மேல சேறடிச்சதெல்லாம் இந்த மாதிரி வண்டிதான? நானும் ஒண்ணு வச்சுக்கிடுதேன். ஆனா ரோட்டோரத்துல ஆள் நின்னா மெதுவாப் போவேன்."

திருநெல்வேலியில் வண்டி எடுத்த அன்றைக்கே அவள் வயிறு எரிந்துவிட்டது. அங்கே டையும் சட்டையுமாக இருந்த ஒரு பையன், பாண்டியராஜை ஓட்டுநர் சீட்டில் உட்காரவைத்து ஒன்றரை மணி நேரம் ஒவ்வொரு பொத்தானாக விளக்கினான். வள்ளித்தாய்க்கு சோபாவும் காப்பியும் கொடுத்தார்கள். அவள் எழுந்துபோய், "தம்பி, கடைசி சீட்டை மடக்குனா எத்தனை பூக்கூடை கொள்ளும்?" என்று கேட்டாள். பையன் சிரித்துவிட்டு, "மேடம், இது ஃபேமிலி வண்டி" என்றான். சாவி இரண்டில் ஒன்றை, கேட்காமலேயே பாண்டியராஜ் கையில் கொடுத்தான்.

ஒன்றரை மணி நேரம் பாடம் கேட்ட பாண்டியராஜ் வரும் வழியில் என்ன செய்தான் தெரியுமா? தேவர்குளத்தில் டீ குடித்துவிட்டு, பவர் ஏறட்டும் என்று சேற்றுக்கு உரிய சின்ன லீவரைத் தார் ரோட்டில் போட்டான். வண்டி முனகிக்கொண்டு ஊர்ந்தது. முந்திக்கொண்டு போன மாட்டு வண்டிக்காரன் திரும்பிப் பார்த்தான். "புது வண்டி, இறுக்கம் இருக்கத்தாம் செய்யும்" என்றான் தம்பி. என்ன லீவர் அது என்று கேட்டதற்கு, "அதெல்லாம் ஆம்பளைங்க சமாச்சாரம்க்கா" என்றான். மறுநாளிலிருந்து ஓட்டுநர் சீட்டில் வள்ளித்தாய் ஏறிக்கொண்டாள்.

வண்டியோடு செங்கல் கனத்தில் ஒரு புத்தகம் கொடுத்திருந்தார்கள். முழுக்க இங்கிலீஷ். எட்டாம் வகுப்போடு நின்ற வள்ளித்தாய் அதைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டு ஷெர்லி டீச்சரிடம் போனாள். ஷெர்லி பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் நடத்துகிறவள். வாழ்நாளில் ஸ்கூட்டிக்கு மேல் ஓட்டியதில்லை. ஆனாலும் சாயங்காலம் சாயங்காலம் பென்சிலோடு உட்கார்ந்து, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஓய்வுநாள் பள்ளியில் வசனம் சொல்லிக்கொடுப்பதைப்போல வரி வரியாகச் சொன்னாள். வள்ளித்தாய் கேட்டுக்கொண்டே இருப்பாள். நெளிநெளியாகக் கோடு போட்ட கார் படம் எதற்கு? சாவியில் பேட்டரி தீர்ந்தால் கதவை எப்படித் திறக்கிறது? எவ்வளவு ஆழத் தண்ணீரில் இறங்கலாம்? இறக்கத்தில் பிரேக்கை மிதிக்காமலே மெதுவாக இறங்கும் என்கிறானே, நம்பலாமா?

"பனிக்கட்டி ரோட்டுல எப்படி ஓட்டணும்னு பதினஞ்சு பக்கம் போட்டிருக்கான் வள்ளியக்கா" என்றாள் ஷெர்லி ஒருநாள்.

"சங்கரன்கோவில்ல எந்தக் காலத்துல டீச்சர் பனிக்கட்டி விழுந்துச்சு? தள்ளுங்க அத." இருவரும் சிரித்துக்கொண்டே தள்ளிவிட்டார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை கோமதியம்மாள் கோயில் வாசலில் வண்டிக்குப் பூஜை போட்டாள். தேங்காய் உடைத்து, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் நசுக்கி, முன்பக்கம் தாழ்வாக எலுமிச்சை மிளகாய்ச் சரம் கட்டினாள். அதோடு விடவில்லை. கோயில் புற்றுமண்ணைக் குழைத்து, வண்டி மூக்கில் இருக்கிற கம்பெனிச் சின்னத்தின் மேல் தன் கையாலேயே கனமாக அப்பி, சந்தனமும் குங்குமமும் வைத்தாள். இந்த ஊரில் உடம்புக்கு ஒன்று என்றாலும் வீட்டுக்கு ஒன்று என்றாலும் அந்த மண்தான் மருந்து. வண்டிக்கு மட்டும் ஆகாதா?

அன்றைக்கு மத்தியானமே வண்டி கத்த ஆரம்பித்தது. மார்க்கெட் சந்துக்குள் மெதுவாக வந்தால் போதும், கீகீகீ என்று விடாமல் ஒரு சத்தம். திரையில் மஞ்சள் விளக்கு, ஏதோ ஒரு வரி இங்கிலீஷ், படிப்பதற்குள் மறைந்துவிடும். ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். பேட்டரி என்றான் ஒருத்தன். எலி வயரைக் கடித்திருக்கும் என்றான் இன்னொருத்தன். எதிர்க் கடை தாவூது அண்ணாச்சி மட்டும், "தெரியாத விஷயத்துல நான் வாயத் தொறக்க மாட்டேம்மா" என்றார். வாங்கின இடத்துக்குப் போன் பண்ணினால், கொண்டுவந்து விட்டுவிட்டுப் போங்கள், பார்க்கப் பத்து நாள் ஆகும் என்றார்கள்.

திங்கட்கிழமை காலையில், மார்க்கெட் நிறைய ஆள் இருக்கும்போது, பாண்டியராஜ் குரலை உயர்த்தினான். "நான் அன்னைக்கே சொன்னேன். பொம்பள கை இந்த வண்டிக்கு ஒத்துக்கிடல. நான் எடுத்தப்ப இப்படியா கத்துச்சு? சாவியக் குடுக்கா. நீ பின்னால மகராணி மாதிரி உக்காந்து வா."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வள்ளித்தாய்க்குக் காது மடல் வரைக்கும் சுட்டது. வளர்த்த பிள்ளை இத்தனை பேர் முன்னால் இப்படிப் பேசுகிறானே என்று ஒரு பக்கம் அழுகையும் முட்டியது. அழுதால் அவன் சொன்னது சரி என்று ஆகிவிடும்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள இந்தச் சத்தத்த நான் நிப்பாட்டுதேன்" என்றாள். "நிப்பாட்டலன்னா எஞ்சாவிய ஒங்கிட்ட தாரேன், இந்த சென்மத்துல ஓட்டுநர் சீட்டுல ஏற மாட்டேன். நிப்பாட்டிட்டா ஒஞ்சாவிய நீ எனக்குத் தரணும். தாவூது அண்ணாச்சி, நீங்கதாம் சாட்சி."

சொன்ன பிறகுதான் பயம் வந்தது. மூன்று சாயங்காலம் ஷெர்லியும் அவளும் புத்தகத்தை அலசினார்கள். எஞ்சின், பேட்டரி, விளக்கு எல்லாம் பார்த்தாயிற்று. ஒன்றும் அகப்படவில்லை. வியாழக்கிழமை, படிக்காமல் மிச்சம் இருந்தது அந்தப் பனிக்கட்டிப் பக்கங்கள்தான். வேறு வழியில்லாமல் ஷெர்லி அதை எடுத்தாள்.

"'முன்பக்கச் சின்னத்துக்குப் பின்னால ரேடார் இருக்கு. பம்பர்ல சின்னச் சின்ன வட்டமா சென்சார் இருக்கு. இதுங்க மேல பனியோ, ஐஸோ, மண்ணோ...'"

"என்னது?"

"'மண்ணோ ஒட்டியிருந்தா வேலை செய்யாது. முன்னால எந்த அலங்காரப் பொருளையும் தொங்கவிடக் கூடாது. தொங்கவிட்டா எதிர்ல ஏதோ இருக்குன்னு நெனச்சு வண்டி சத்தம் குடுக்கும்.'"

இருவரும் வாசலுக்கு ஓடினார்கள். காய்ந்து வெடித்த புற்றுமண் சின்னத்தை முழுசாக மூடியிருந்தது. மிளகாய்ச் சரம் சரியாக ஒரு வட்டத்துக்கு முன்னால் ஆடிக்கொண்டிருந்தது.

"இப்பவே தொடச்சுப் பாருங்கக்கா" என்றாள் ஷெர்லி.

வள்ளித்தாய் ஈரத்துணியை எடுத்தவள், கீழே போட்டாள். "இங்கன வச்சுத் தொடச்சா, தன்னால சரியாப் போச்சும்பான். நாளைக்கு அவன் கண்ணு முன்னால தொடைக்கேன்."

"சத்தம் நிக்கலன்னா?"

"நிக்கலன்னா எல்லாரும் பாக்கத் தோத்துட்டுப் போறேன், டீச்சர்."

வெள்ளிக்கிழமை காலை வண்டி கத்திக்கொண்டேதான் மார்க்கெட்டுக்குள் வந்தது. கூட்டம் கூடிவிட்டது. வள்ளித்தாய் ஒரு சொம்பில் தண்ணீரும் துணியுமாக இறங்கினாள். "கேட்டுக்கிடுங்க. வண்டியில கோளாறு இல்ல. நான் கட்டுன சரமும் நான் அப்புன மண்ணும் அதோட கண்ண மறைக்குது. தப்பு எந்தப்பு. இப்ப எடுத்துருதேன்."

சிரிக்க வாயெடுத்தவர்கள் சிரிக்கவில்லை. பாண்டியராஜ் முகம்தான் வெளிறியது. அவன் வண்டிக்கு முன்னால் போய் நின்றான். "யக்கா, வேண்டாம். கோயில் மண்ணுக்கா. அதுவும் வெள்ளிக்கிழமை. அதத் தொடச்சுட்டு இதுல ஏறி, நாளப்பின்ன ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா? எம் பிள்ளைகளும்லா இதுல வரும்?"

கூட்டத்தில் இரண்டு மூன்று பேர் ஆமாம் என்று தலையாட்டினார்கள். அவள் கை நின்றது. இது பந்தயத்துக்காகச் சொன்ன பேச்சு இல்லை, அவன் மெய்யாகவே பயந்தான். அவளுக்கும் பயம்தான். வெள்ளிக்கிழமை தவறாமல் சந்நிதியில் நின்றவளுக்கு எப்படிப் பயம் இல்லாமல் போகும்? கோயில் கோபுரம் இருக்கிற பக்கம் ஒரு தடவை பார்த்தாள். பிறகு துணியை நனைத்தாள்.

"ஏலே, கோமதியம்மாளுக்கு என்னத் தெரியும். இருபத்தஞ்சு வருசமா அவ கழுத்துக்குப் பூக் கொண்டு போறவ நான். சேத்துலயும் சகதியிலயும் நனைஞ்சு கொண்டு போயிருக்கேன். அவளுக்குப் பூ கொண்டாரத்தாம் இந்த வண்டி. அது கண்ணத் தொடச்சா என்மேல கோவிப்பாளா? கோவிச்சா எங்கிட்ட கேக்கட்டும், நான் பதில் சொல்லிக்கிடுதேன். நீ தள்ளு."

அவன் தள்ளி நின்றான். அவள் முதலில் சரத்தை அவிழ்த்தாள். ஊறிய மண்ணை விரலால் வழித்து, அதில் ஒரு பொட்டை எடுத்துத் தன் நெற்றியில் நீளமாக இழுத்துக்கொண்டாள். மிச்சத்தைத் துடைத்தாள். படியில் கால் வைத்து ஏறி வண்டியைக் கிளப்பினாள்.

மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. போனது போகட்டும் என்று கியரைப் போட்டு நகர்த்தினாள். கூடைகளுக்கும் தராசுகளுக்கும் நடுவே அந்த நெருக்கடிச் சந்தில் கடைசிவரை போனாள், திருப்பினாள், வந்தாள். பாதி வழியில் விளக்கு அணைந்தது. ஒரு சத்தம் இல்லை. பூக்காரிகள் பேசுகிற பேச்சு கண்ணாடி வழியாக அவளுக்குத் தெளிவாகக் கேட்டது.

"சத்தம் நின்னுருச்சு" என்றார் தாவூது அண்ணாச்சி. சாட்சிக்கு அது போதும்.

வள்ளித்தாய் இறங்கித் தம்பி முன்னால் கையை நீட்டினாள். பாண்டியராஜ் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தான். அவள் கையில் வைக்கவில்லை. கடை முன்னால் குவித்திருந்த மல்லிகை மொட்டுக் குவியலுக்குள் அதை விட்டெறிந்தான். "எடுத்துக்கோ" என்று சொல்லிவிட்டுத் திரும்பினான்.

வள்ளித்தாய் குனியவில்லை. நீட்டிய கையையும் மடக்கவில்லை.

"பாண்டி" என்றாள். சத்தமே போடவில்லை. "கையில குடு."

அவன் நின்றான். அக்காவின் முகத்தைப் பார்த்தான், சுற்றிலும் பார்த்தான். யாரும் அவனுக்காகப் பேச வரவில்லை. பிறகு வந்து, குவியலுக்கு முன்னால் முட்டுக்குத்தி உட்கார்ந்து, முழங்கை வரைக்கும் மொட்டுக்குள் கையை விட்டுத் தேட ஆரம்பித்தான். நெடுநேரம் தேடினான். அதுவரைக்கும் அவள் கை நீட்டியபடியே இருந்தது.