கண்ணாடி அலமாரியில் ஒரு காலி இடம்

நான் வேலை பார்த்த முதலாளியம்மாவின் டிக்கெட் ஏஜென்சியில் கண்ணாடி அலமாரி நிறையப் பொம்மை விமானங்கள் நிற்கும். விமானக் கம்பெனிகள் கொடுத்த அன்பளிப்பு. நடு வரிசையில் மட்டும் ஓர் இடம் காலி. அங்கே நின்றது, பாதி விலைக்கு டிக்கெட் விற்க வந்த ஒரு புதுக் கம்பெனியின் விமானம். பராமரிப்பு சரியில்லையென்று ஐரோப்பிய நாடுகள் அந்தக் கம்பெனிக்குத் தடை போட்டிருந்தன. நம் நாட்டில் தடையில்லை. விஷயம் தெரிந்த அன்றே முதலாளியம்மா பொம்மையை அவர்களிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

காஞ்சிபுரத்து ஏஜென்சிகள் எல்லாம் அந்த டிக்கெட்டைத்தான் விற்றன. நாங்கள் ஈ ஓட்டினோம். "கவர்மெண்டே பர்மிஷன் குடுத்துக்கீது, உங்களுக்கு இன்னாமா வந்துச்சு?" என்று வருகிறவர்கள் சண்டை பிடிப்பார்கள். "அவங்க வானத்துல ஆவாதது நம்ம வானத்துல மட்டும் ஆயிடுமா?" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சர்க்காரே விட்டதைப் பிடித்து நிறுத்த இவர் யார்?

அந்தச் சமயம் பார்த்து என் கணவருக்குத் துபாயில் வேலை கிடைத்தது. சொன்ன தேதிக்குள் சேராவிட்டால் வேலை போய்விடும். மற்ற விமானங்களில் இடமில்லை. முதலாளியம்மாவிடம் கெஞ்சினேன். "உன் ஊட்டுக்காரருக்குப் போயி என் கையால அத போடுவனாமா?" என்று ஒரேயடியாக மறுத்துவிட்டார். கோபத்தில் அதே டிக்கெட்டைப் பக்கத்துக் கடையில் வாங்கிக்கொண்டோம்.

என் கணவர் பறந்த அன்று வேலைக்கு வந்தேனே தவிர, கண் அந்தக் காலி இடத்தை விட்டு நகரவில்லை. முதலாளியம்மாவின் பயம் எனக்கும் தொற்றியிருந்தது. அவர் கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார், மத்தியானச் சாப்பாட்டுக்கும் எழுந்திருக்கவில்லை. திடீரென்று, "எறங்கிடுச்சி. போயி சாப்புடு" என்றார். எந்த விமானம் என்று நான் அவரிடம் சொல்லியிருக்கவே இல்லை. கண் கலங்கிவிட்டது. ஆனாலும் வாய் சும்மா இருக்குமா? "பாத்தீங்களா, ஒண்ணும் ஆவலையே!" என்றேன்.

"ஆவக்கூடாதுன்னுதானே உக்காந்துக்கினு இருந்தேன்" என்றார். மறுநாளும் அந்த டிக்கெட்டை அவர் விற்கவில்லை.

இன்று அங்கே செல்போன் கடை. முதலாளியம்மாவும் காலமாகிவிட்டார். போன மாதம், வெளிநாட்டுக்குப் படிக்கப் போகவிருந்த என் மகள் போனில் டிக்கெட் விலைகளைக் காட்டினாள். "இதான்மா சீப்பு. போட்டுடவா?" எந்த நாடாவது அந்தக் கம்பெனிக்குத் தடை போட்டிருக்கிறதா, பார் என்றேன். போட்டிருந்தார்கள். "இங்க உட்டுக்கினுதானமா இருக்காங்க, உனக்கு இன்னா வந்துச்சு?" என்று சிரித்தாள். எனக்கு அந்தக் காலி இடம்தான் கண்ணில் நின்றது. வேறு டிக்கெட் போட்டோம்.

நல்ல கம்பெனிதான். இருந்தும், அவள் போய்ச் சேரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை.