பனைக்குச் சுற்றிய கம்பளி

போன கிழமை வெள்ளியன்று நமது கல்முனை கொமினிகேசன் கடை ஒன்றில் மவுத்துச் செய்தி ஒன்று வந்தது.

பயப்படாதீர்கள்... செத்தது மனிதர் எவருமில்லை.

சுவிஸில் இருக்கும் என் கணவர் வெள்ளி தோறும் அசர் தொழுகைக்குப் பிறகு அந்தக் கடைக்குத்தான் கோல் எடுப்பார். டெலிபோன் இருக்கும் கண்ணாடிப் பெட்டியின் கதவு முழுதாகச் சாத்தாது. நாம் கதைப்பது பாதிக் கடைக்குக் கேட்கும். மீதிப் பாதிக்கு அவர்களே சொல்லிவிடுவார்கள். அன்றைக்கு ரிசீவரை எடுத்தால் அந்தப் பக்கம் ஒரே விம்மல்.

"என்ன மச்சான்? ஆருக்கு என்ன?"

"போயிட்டு புள்ள... கருகிப் போயிட்டு."

"அல்லாஹ்வே! ஆரு மச்சான்?" என்று கத்திவிட்டேன். கடை முதலாளி எழுந்து நின்றார். கோலுக்குக் காத்திருந்த ஒருவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு சாவுக்கு ஓதும் 'இன்னாலில்லாஹி'யைச் சொல்லத் தொடங்கினார்.

"என்ட பனமரம்!" என்றார் கணவர்.

பனமரம்... சுவிஸில்!

சிரிக்காதீர்கள். விசயம் இதுதான். அவர் இங்கிருந்து போய் நாலு வருசம். கல்யாணமாகி எட்டு மாதத்தில் போனவர். போன முதல் பனிக்காலத்தில் எழுதினார், "இங்க மரமெல்லாம் மொட்டையா நிக்கிது. ஓலை எண்டு ஒண்டக் கண்ணால காணல்ல." இரண்டாம் வருசம் அவருடைய குடியிருப்புக்குப் பக்கத்தில் ஒரு பெண்ணின் தோட்டத்தில் ஓலையைக் கண்டுவிட்டார். பனி மூடிய நிலத்தில், விசிறி விசிறியாக, நம்முடைய பனையோலையின் தங்கச்சி மாதிரி. தண்டெல்லாம் மயிர். சீனத்து மலைப் பக்கத்து இனமாம். அந்தப் பெண்ணுக்கு எழுபது வயது. வயதை முதல் வரியிலேயே எழுதிவிட்டார். கெட்டிக்காரர்.

அந்த அம்மாவுக்கு வேலையே குளிர் தாங்கும் பனை வளர்ப்பதுதான். நிறைய விதை போட்டு, நாற்றுகளைப் பனியில் விட்டுவிடுவார். பெரும்பாலானவை சாகும். சாகாமல் நிற்பவற்றை வளர்த்து, அவை காய்த்ததும் அந்த விதையை மறுபடி போடுவார். பிறகும் பனி, பிறகும் சாவு, பிறகும் விதை. நம் ஊர்ப் பனை போலவே அதிலும் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. ஆண் மரம் ஒரு ஊரிலும் பெண் மரம் இன்னொரு ஊரிலும் நின்றால், பூந்தூளைக் காயவைத்துப் போத்தலில் அடைத்துத் தபாலில் அனுப்புவார்களாம்.

எங்கள் நிலைமைதான். என்ன, அவற்றுக்காவது தபால் ஒழுங்காகப் போகிறது.

ஒரு விதை மரமாகிக் காய்க்கப் பத்து வருசம் செல்லும் என்று வாசித்தபோது எனக்குச் சுருக்கென்றது. இந்த மனிசன் அங்கே எத்தனை வருசம் இருக்கப் பார்க்கிறார்? என்னைக் கூப்பிடுவதற்கான பேப்பரெல்லாம் போன வருசமே சரிவந்துவிட்டது. 'வா' என்ற ஒரு சொல்தான் வரவில்லை. வந்ததெல்லாம் மரத்தின் போட்டோ. அந்த அம்மா கொடுத்த கன்றுக்கு முழங்கால் உயரம். அதற்குக் கம்பளி சுற்றி, கயிறு கட்டி, மேலே பிளாஸ்டிக் தொப்பி! எனக்கு எரிந்தது. இந்த நாலு மாரியும் அவர் உடுத்து விட்டுப்போன சாரத்தைப் போர்த்துக்கொண்டு படுக்கிறேன் நான்... பனைக்குக் கம்பளியாம்!

சரி, மரம் எப்படிக் கருகியது? அதற்குக் காரணம் என் மாமி, அவருடைய உம்மா.

வெள்ளிக்கிழமைகளில் மாமியும் கூட வந்து மகனோடு இரண்டு வார்த்தை கதைப்பார். முந்திய மாதம் மரத்துக் கதை வந்ததும் கேட்டார்: "மகன், அடியில உப்புப் போட்டயா? உப்பில்லாம எந்தத் தென்ன புடிச்சிரிக்கி?"

நம்மூரில் தென்னம்பிள்ளை வைத்தால் குழியில் உப்புப் போடாத வீடு உண்டா? அதோடு சுவிஸில் பனி இளக ரோட்டுக்கே உப்புத்தான் கொட்டுகிறார்களாம். இவர் யோசித்திருக்கிறார்... உம்மாவும் உப்பு என்கிறா, அரசாங்கமும் உப்புத்தான் போடுகிறது. இரண்டு பேரும் பிழை விடுவார்களா? ஒரு வாளி உப்பை அடியில் கொட்டிவிட்டார்.

இரண்டு கிழமையில் ஓலை நுனியெல்லாம் தீய்ந்துவிட்டது. அந்த அம்மா ஓடிவந்து தலையில் அடித்துக்கொண்டாராம். "தண்ணி ஊத்தி ஊத்தி உப்பக் கழுவு. குருத்தப் புடிச்சி இழு, கையோட வந்தா மவுத்து. வராட்டி உசிரிரிக்கி" என்றாராம். இவர் இழுத்துப் பார்க்கப் பயந்துகொண்டு அழுகிறார்.

"ஒரு மரத்துக்கு இப்பிடி அழுறீங்களே மச்சான், நாலு வருசமா எனக்கு அழுதீங்களா?" என்று கேட்டேன். கடையே கேட்டுக்கொண்டிருந்தது. கேட்கட்டும்.

அவர் மெதுவாகச் சொன்னார்.

"ஒன்னக் கூப்பிடப் பயம் புள்ள. மாரியில கிணத்துத் தண்ணிக்கே நடுங்குறவ நீ. இந்தக் குளிர் எனக்கே எலும்புக்குள்ள போகுது. நம்மட ஓலை மாதிரி ஒண்டு இஞ்ச தாங்குதா எண்டு பாத்துட்டு ஒன்னக் கூப்பிடுவம் எண்டுதான்..."

லைன் அறுந்துவிட்டது.

அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. என்னைக் கேட்பதை விட்டுவிட்டு ஒரு மரத்தைக் கேட்டிருக்கிறாரே!

அடுத்த நாள் காலையில் கடற்கரைப் பக்கம் இருக்கும் ஐஸ் பெக்டரிக்குப் போனேன். மீனுக்குப் போடும் ஐஸ் கட்டி செய்யும் இடம். அதை நடத்துகிறவர் என் சின்ன மாமா. ஐஸ் அறைக்குள் கொஞ்சம் நிற்க வேண்டும் என்றதும் வாயைப் பிளந்தார்.

"என்னகா புள்ள, நீ என்ன சூரை மீனா?"

"கதவத் திறங்க மாமா."

உள்ளே ஆளுயரத்துக்கு ஐஸ் கட்டிகள். புகை மாதிரிக் குளிர். முதலில் விரல் மரத்தது, பிறகு மூக்கு. பல் தந்தியடித்தது. வெளியே மாமா "போதும் வா! ஒண்டு கிடக்க ஒண்டு ஆனா ஒன்ட மாப்பிளைக்கு நானா பதில் சொல்லுற?" என்று கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார். நான் வரவில்லை. சுற்றிலும் வெள்ளை, வெள்ளை... கண்ணை மூடினேன். அவர் நாலு வருசம் இதற்குள்ளா தனியாக நிற்கிறார் என்று நினைத்ததும் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

நேற்று வெள்ளி. கோல் வந்தது.

"புள்ள, குருத்த இழுத்துப் பாத்தன். வரல்ல! உசிரிரிக்கி! இந்தப் பனிக் காலம் முடியட்டும், அது தப்பினா..."

"அது தப்பினா நல்லம். தப்பாட்டியும் நான் வருவன்" என்றேன். "ஐஸ் பெக்டரிக்குள்ள போய் நிண்டு பாத்துட்டன் மச்சான்."

"அல்லாஹ்வே! என்ன விசர் வேல! தாங்கிச்சா?"

"குளிர் தாங்கிச்சி. தனிய நிண்டதுதான் தாங்கல்ல."

கடை முதலாளி மேசையில் இல்லாத எதையோ தேடிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கத்தில் மூக்கை உறிஞ்சும் சத்தம். பிறகு...

"டிக்கட் போடுறன். கம்பளி ரெண்டு வாங்கிரிக்கன். ஒண்டுதான் மரத்துக்கு."

இன்று காலையிலேயே மாமி பெட்டி கட்டத் தொடங்கிவிட்டார். அரிசி மா, கருவாடு, மாசி மீன், மிளகாய்த்தூள் எல்லாம் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

உப்புப் பார்சலை மட்டும் வெளியே எடுத்து வைத்தேன்.