பூவிழி பதிந்து வைத்த பேச்சு

மூலக்குளத்துப் பூவிழிக்கு உழவர்கரையில் ஒரு தையல் கம்பெனியில் வேலை. கணவன் கலியபெருமாள் நோணாங்குப்பத்தில் படகு ஓட்டுகிறான். ஒரே மகள் இனியாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. மூன்று வயதில் ஆபரேஷன் செய்து காதுக்குள் கருவி பொருத்தினார்கள்.

"கருவி வெச்ச உடனே பேசிட மாட்டா. வீட்ல தெனமும் பயிற்சி குடுங்க. அத வீடியோ எடுத்துட்டு வாங்க" என்றார் பேச்சுப் பயிற்சி தரும் டாக்டரம்மா.

யாரோ பயன்படுத்திய ஹெச்.டி. கேமரா ஒன்றைப் பூவிழி வாங்கினாள். வேலை முடிந்து வந்ததும் மகளை எதிரில் உட்காரவைத்து, உதட்டைக் காட்டி ஒலி சொல்லிக்கொடுப்பாள். மாதக்கணக்கில் இனியாவிடமிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. பூவிழி ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. கேமரா ஓடிக்கொண்டே இருந்தது.

படங்கள் குவிந்ததும் கலியபெருமாள் ஒரு ஹார்டு டிஸ்க் வாங்கி வந்தான். வேண்டியதைச் சட்டென்று எடுத்துப் பார்க்க அது வசதிதான். ஆனால் பூவிழி அதோடு நிற்கவில்லை. சி.டி. போல இருக்கும் ப்ளூ-ரே டிஸ்க்குகளும், அவற்றில் பதியும் கருவியும் வாங்கினாள்.

"இந்தக் காலத்துல யாரு டிஸ்க் போட்டுப் பாக்குறா? எல்லாந்தான் இதுல அடங்கிடுதே" என்று சிரித்தான் கலியபெருமாள்.

"அடங்குதுங்க. அது ஒண்ணு போச்சின்னா மொத்தமும் போயிடுமே."

சமையல் நடக்கும்போதே டிஸ்க் பதிவாகும். பதிந்ததைக் கடைசிவரை ஓட்டிப் பார்த்த பிறகுதான் மேலே தேதி எழுதுவாள்.

இனியா இரண்டாம் வகுப்பு படிக்கும்போது ஒரு புயல் மழையில் வீட்டுக்குள் வெள்ளம் புகுந்தது. மேசைக்கடியில் இருந்த ஹார்டு டிஸ்க் மூழ்கியது. கட்டிலுக்கடியில் இருந்த டிஸ்க் பெட்டியும் மூழ்கியது. ஹார்டு டிஸ்க்கைத் தூக்கிக்கொண்டு கலியபெருமாள் கடை கடையாக அலைந்தான். எல்லோரும் கைவிரித்தார்கள். வீடு திரும்பியவன் சுவரில் சாய்ந்து அழுதுவிட்டான்.

பூவிழி அழவில்லை. சேற்றிலிருந்து டிஸ்க்குகளை ஒவ்வொன்றாக எடுத்து நல்ல தண்ணீரில் அலசினாள். மெல்லிய துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒற்றி, நிழலில் உலர்த்தினாள். கரண்ட் வந்த பிறகு ஒன்றைப் போட்டுப் பார்த்தாள். படம் ஓடியது. மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கிய சில மட்டும் ஓடவில்லை.

இனியா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பாப்பா யாரும்மா?"

"நீதாண்டி."

"ஏம்மா பேசவே மாட்டேங்குது?"

கலியபெருமாள் மகளை வாரி அணைத்துக்கொண்டான். மறுவாரமே இரண்டு ஹார்டு டிஸ்க் வாங்கி வந்து, டிஸ்க்குகளில் இருந்த எல்லாவற்றையும் அவனே அவற்றில் ஏற்றினான். ஒன்றை வில்லியனூரில் தங்கை வீட்டில் கொடுத்துவைத்தான். டிஸ்க்குகளும் பரண்மேல் பத்திரமாக ஏறின.

விஷயம் தெரிந்து, கருவி பொருத்திய குழந்தைகளின் பெற்றோரைப் பூவிழியிடம் அனுப்பத் தொடங்கினார் டாக்டரம்மா. தையல் வேலை எவ்வளவு இருந்தாலும் அவள் யாரையும் திருப்பி அனுப்புவதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை விழுப்புரத்திலிருந்து செந்தமிழ்ச்செல்வி என்ற இளம் தாய் மகனோடு வந்திருந்தாள். பழைய பதிவுகளை ஒவ்வொன்றாக ஓட்டி, இனியா முதன்முதலாக "ப்பா" என்று சொன்ன இடத்தையும் பூவிழி போட்டுக் காட்டினாள். செந்தமிழ்ச்செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இது வேணாங்க்கா. பாப்பா ஒண்ணுமே பேசாம இருந்துச்சே, நீங்க விடாம சொல்லிக்குடுத்துட்டே இருந்தீங்களே... அத இன்னொரு வாட்டி போடுங்க."