மைக் அக்காவின் தொண்டை

பேருந்து நிலையத்தின் மாடி அறையில் உட்கார்ந்து, எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது என்று நாள் முழுக்க ஒலிபெருக்கியில் சொல்கிறவளுக்கு எல்லோருமாகச் சேர்ந்து வைத்த பெயர் மைக் அக்கா. அவள் வேலையில் பேச்சு பாதிதான். மீதிப் பாதி, ஜன்னல் வழியே எட்டிப் பார்ப்பது. ஒரு மேடையில் வண்டி பழுதாகி மறித்துக்கொண்டு நின்றால், அடுத்து வருகிற வண்டியை எங்கே சொருகுவது என்று அதன் ஓட்டுநருக்கே உள்ளே வந்த பிறகுதான் தெரியும். அதைக் கண்ணால் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லும் பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதைதான். ஊரையே பத்திரமாக வண்டி ஏற்றி அனுப்பியவள், தன் தொண்டை போகிற போக்கைக் கவனிக்கவில்லை. முதலில் கமறல். பிறகு கரகரப்பு. பிறகு காய்ச்சல். ஒரு நாள் மைக்கின் முன்னால் வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது.

டாக்டரம்மா குழாய் விட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "உள்ள சின்னச் சின்னதா முடிச்சு விழுந்திருக்கு. பத்து நாள் வாயே திறக்கக் கூடாது. கிசுகிசுன்னு பேசறது அதைவிடக் கெடுதல். கேக்கலைன்னா ஆபரேஷன்தான். அப்புறம் பழைய குரல் வருமான்னு நான் உத்தரவாதம் தர மாட்டேன்."

குரல் போனால் வேலை போகும். அதை யாரும் அவளுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. அது ஒப்பந்த வேலை.

ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். அவள் நிலையத்துக்குப் போனாள். நிர்வாகி சீட்டைப் படித்துப் பார்த்துவிட்டு, "போய்ப் படுங்கம்மா. பத்து நாள்தானே, சமாளிச்சுக்கலாம்" என்றார். அப்படிச் சொன்னதுதான் அவளைச் சுட்டது. தான் இல்லாமல் சமாளித்துக்கொள்வார்களா?

"ஜனங்க தடுமாறிப் போயிடும் சார்," என்றாள், டாக்டரம்மா போட்ட ஊசியில் கொஞ்சம் திரும்பியிருந்த குரலை இழுத்துப் பிடித்துக்கொண்டு. "கம்ப்யூட்டர்ல பேசி வச்சுட்டுப் போறேன். நேரத்துக்கு அதுவே சொல்லிடும்."

யாரும் கேட்காமல், அன்று பிற்பகல் முழுக்க உட்கார்ந்து பேசினாள். எல்லா வண்டி எண்களும், எல்லா மேடை எண்களும், 'வந்துகொண்டிருக்கிறது', 'புறப்படத் தயாராக உள்ளது', குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள் என்பது வரை. கடைசியில் குரல், தகரத்தில் மணலைப் போட்டுத் தேய்த்தது போல இருந்தது. கணினிப் பையன் பயந்துபோய், "போதும்க்கா" என்றான். எல்லாம் முடித்த திருப்தியோடு வீட்டுக்குப் போய் விழுந்தாள்.

கல்லூரிக் கடைசி வருடம் படிக்கும் மகள் போனில் தேடித் தேடி வாசித்தாள். "உன்னை நீதாம்மா பார்த்துக்கணும். செல்ஃப் கேர்னு சொல்வாங்க. ஆவி பிடி. வெந்நீர் குடி. மத்தியானம் தூங்கு. மனசுக்குப் பிடிச்சதைச் செய்." வாசித்து முடித்துவிட்டு, "வெந்நீர் வைக்கிறப்போ எனக்கும் ஒரு டீ போட்டுடும்மா" என்றாள்.

கூப்பிட வேண்டுமானால் டம்ளரில் கரண்டியால் தட்டுவது என்று ஏற்பாடு. முதல் நாள் தட்டியதும் கணவரும் மகளும் ஓடி வந்தார்கள். மூன்றாம் நாள், "என்னவாம்?" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள். அதன் பிறகு மகள் காதில் இயர்போனைச் செருகிக்கொண்டாள். வண்டிப் பட்டறையில் பெயிண்ட் அடிக்கும் கணவர் சாப்பிட்டுக்கொண்டே சிரித்தார். "இத்தனை வருஷத்துல இப்பதான் வீடு வீடா இருக்கு. டாக்டரம்மாகிட்ட சொல்லி இன்னொரு பத்து நாள் எழுதி வாங்கிடலாமா?"

குழம்பில் உப்பில்லை என்றும் அவரே சொன்னார். காய்ச்சல் வாய்க்கு ருசி தெரியாது என்று பதில் சொல்ல அவளிடம் குரல் இல்லை.

அவளே வெந்நீர் வைத்தாள். அவளே போர்வைக்குள் தலையைக் கவிழ்த்து ஆவி பிடித்தாள். உப்பு நீரில் கொப்பளித்தாள். வலி தாங்காத ராத்திரியிலும் முனகலை வெளியே விடவில்லை. உன்னை நீயே பார்த்துக்கொள் என்றால் என்ன பொருள் என்று அவளுக்கு மெல்ல விளங்கியது. வேறு யாரும் பார்க்க மாட்டார்கள் என்பதைத்தான் இப்படி மரியாதையாகச் சொல்கிறார்கள்.

தவணை முடிந்த காலையில், குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, "பதினேழாம் எண் வண்டி" என்று சொல்லிப் பார்த்தாள். கண்ணாடி போலத் தெளிவாக வந்தது. அழுகை வந்தது; தொண்டைக்கு ஆகாது என்று அடக்கிக்கொண்டாள்.

நிலையத்து வாசலிலேயே அந்தக் குரல் அவளை எதிர்கொண்டது. அவளுடைய நோயாளிக் குரல். இடுப்பில் குழந்தையோடு நின்ற ஒருத்தி பக்கத்திலிருந்தவரிடம் சொன்னாள்: "பாவம், யாரு பெத்த பொண்ணோ. தொண்டை கிழியுது. ஒரு நாள் லீவு குடுத்தா என்ன குறைஞ்சா போயிடும்?"

நிர்வாகி எழுந்து நின்று வரவேற்றார். நாற்காலியைக் காட்டவில்லை. "மேல கேக்கறாங்கம்மா. பத்து நாளா ஆளே இல்லாம நல்லா ஓடுதே, அப்புறம் ஆள் எதுக்குன்னு. நான் என்ன செய்வேன்? ஒண்ணு விடாமப் பேசி வச்சுட்டுப் போயிட்டீங்க."

தவளையும் தன் வாயால் கெடும். அதுவாவது நல்ல தொண்டையோடு கத்திக் கெடும்.

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஒரே ஒரு சங்கடம். கரகரன்னு இருக்குன்னு ஜனங்க குறை சொல்றாங்க. இப்ப சரியாயிடுச்சில்ல? இன்னொரு தடவை உக்காந்து பேசிக் குடுத்துட்டீங்கன்னா..."

நன்றாக வந்த குரல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மேஜை மேல் மைக் தயாராக இருந்தது. அவள் தொண்டையைத் தொட்டுக் காட்டினாள். இல்லை என்று தலையை ஆட்டினாள்.

"இன்னும் வரலையா? ஐயோ பாவம். நல்லா ரெஸ்ட் எடுங்கம்மா."

கும்பிட்டுவிட்டுக் கீழே இறங்கினாள். பதினேழாம் எண் வண்டி நான்காம் மேடைக்கு வருகிறது என்று மேலிருந்து அவள் குரல் கரகரத்தது. நான்காம் மேடையில் ஒரு வண்டி பழுதாகி, எஞ்சின் மூடியைத் திறந்து போட்டுக்கொண்டு நின்றது. பதினேழு சுற்றிக்கொண்டு கோடியில் ஆறாம் மேடையில் போய் நின்றது. கூட்டம் மூட்டை முடிச்சோடு நான்கில் நெருக்கியடித்தது. அவள் வாய் தானாகத் திறந்தது. ஒரு சத்தம் போட்டால் போதும், எல்லோரும் திரும்புவார்கள். மாடி ஜன்னலில் நிர்வாகியும் திரும்புவார்.

வாயை மூடிக்கொண்டு, வாசலில் பார்த்த குழந்தைக்காரியின் அருகில் போய் மெதுவாகச் சொன்னாள். "ஆறாவது மேடைக்குப் போங்கம்மா. வண்டி அங்கதான் நிக்குது."

"மைக்குல நாலுன்னு சொல்றாங்களே?"

"அந்தம்மாவுக்கு உடம்பு சரியில்ல."

குழந்தைக்காரி அவள் முகத்தை ஒரு நொடி பார்த்துவிட்டு ஆறாம் மேடையை நோக்கி ஓடினாள். மற்றவர்கள் நான்கிலேயே நின்றார்கள்.